நேரலை திக்கும்போது கணினிக்குள் நடப்பது என்ன?

கணினியில் விளையாடியபடி அதை நேரலையாக ஒளிபரப்புபவரின் திரையில் எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருக்கும். யூடியூபில் பார்ப்பவர்களோ படம் திக்கித் திக்கி வருவதாக எழுதுவார்கள். உடனே புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிடுபவர்கள் சென்னையில் ஏராளம். பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு முன், காட்சி எந்த இடத்தில் தடைபடுகிறது என்று கண்டுபிடிப்பது அவசியம். ஏனெனில் தடை பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் ஏற்படுகிறது. ஓர் இடத்துக்கான தீர்வு மற்றோர் இடத்துக்கு உதவுவதில்லை.

முதலில் வேலையின் அளவைப் பார்ப்போம். 1080பி காட்சியின் ஒரு பிரேமில், அதாவது ஒற்றைப் படத்தில், 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட் என்றும், நொடிக்கு 60 பிரேம் என்றும் கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட் சேர்கிறது. ஆனால் நேரலைக்கு நாம் ஒதுக்குவதோ பெரும்பாலும் நொடிக்கு 60 லட்சம் பிட், அதாவது 6 மெகாபிட். ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கும் இந்த வேலைதான் என்கோடிங்.

என்கோடர் ஒவ்வொரு பிரேமையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய பிரேமில் அதே கட்டம் எங்கே இருந்தது என்று தேடுகிறது. நகர்ந்த தூரத்தையும் மிஞ்சிய வேறுபாட்டையும் மட்டுமே அனுப்புகிறது. முழுப் படம் வழக்கமாக 2 நொடிக்கு ஒருமுறைதான் போகும். அதனால் அசையாத மெனு திரைக்குச் சொற்பப் பிட்டுகளே போதும். புல்வெளியில் ஓடும்போதும், மழையும் புகையும் திரையை நிறைக்கும்போதும் நிலைமை வேறு: ஏறக்குறைய எல்லாக் கட்டங்களும் மாறுகின்றன, அனுப்பக்கூடிய பிட்டுகளோ கூடுவதில்லை. அப்போது படம் கட்டம் கட்டமாகச் சிதைவது எந்த உதிரிபாகத்தின் கோளாறும் அன்று. பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் பிட்டுகளின் அளவை, கூட்ட வேண்டும். முடியாவிட்டால் 720பிக்கு இறங்குவதே கண்ணுக்குத் தெளிவான படத்தைத் தரும்.

இந்தச் சுருக்கத்தைப் பிராசசரே செய்யலாம். ஆனால் விளையாட்டுக்கும் அதே பிராசசர் தேவை என்பதால் இரண்டும் போட்டியிடும். இன்டெல் 2011இலும் என்விடியா 2012இலும் இதற்கென்றே தனி மின்சுற்றுகளைத் தங்கள் சில்லுகளில் சேர்த்தன. 2018இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகளில் அந்தச் சுற்றின் படத்தரம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. ஆகவே அந்த வரிசைக் கார்டு வைத்திருப்பவருக்கு, நேரலைக்காக மட்டும் புதிய கார்டு தேவையில்லை என்பதே என் கருத்து. நேரலையை அனுப்பப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளின் அமைப்பில் என்கோடரை மாற்றினாலே போதும். குறைந்த பிட்ரேட்டில் மேலும் நல்ல படம் தரும் ஏவி1 என்ற சுருக்க முறையில் நேரலை செய்ய விரும்பினால்தான், அதற்கான சுற்று உள்ள ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, இன்டெல் ஆர்க் போன்ற கார்டுகளை நாட வேண்டும்.

இனி நோயறிதல். ஓபிஎஸ் மென்பொருளின் ஸ்டாட்ஸ் பலகத்தில் மூன்று எண்ணிக்கைகள் தனித்தனியே இருக்கின்றன: ரெண்டரிங் (படத்தை வரைந்து இணைக்கும் வேலை) தாமதத்தால் தவறிய பிரேம்கள், என்கோடிங் தாமதத்தால் விடுபட்டவை, நெட்வொர்க் காரணமாகக் கைவிடப்பட்டவை. நேரலை திக்கும் தருணத்தில் எது ஏறுகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது ஏறினால், கிராபிக்ஸ் கார்டு மூச்சுவிட இடமின்றித் தவிக்கிறது என்று பொருள். விளையாட்டுக் காட்சி, கேமரா, எழுத்துகள் ஆகியவற்றை ஒரே படமாக இணைக்க ஓபிஎஸ்ஸும் அதே கார்டைத்தான் நம்பியிருக்கிறது. பிரேம் வேகத்துக்கு வரம்பில்லாத விளையாட்டு அதன் திறனை 99 விழுக்காடுவரை விழுங்கிவிடும். விளையாட்டில் வரம்பு வைத்து, ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டாவது ஏறினால், ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் 16.7 மில்லிநொடிக்குள் என்கோடர் வேலையை முடிக்கவில்லை. பிராசசரிலிருந்து கார்டுக்கு அந்த வேலையை மாற்ற வேண்டும்.

மூன்றாவது ஏறினால் எந்த உதிரிபாகம் வாங்கியும் பயனில்லை. வேளச்சேரி போன்ற பகுதிகளின் அடுக்ககங்களில் பல வீட்டு ரூட்டர்கள் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்கின்றன. அதில் ஒன்றோடொன்று மேற்படாத சேனல்கள் மூன்றே. ரூட்டரிலிருந்து கணினிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அளந்து பார்த்த அப்லோடு வேகத்தில் முக்கால் பங்குக்குள் பிட்ரேட்டை வைப்பதே சரியான சிகிச்சை.

தொடங்கும்போது நன்றாக இருந்து, அரை மணி நேரம் கழித்துத் திக்கத் தொடங்கினால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். சென்னையில் இதற்கு நான் தனி முக்கியத்துவம் தருவேன். கூலர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், சில்லின் வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்த மட்டுமே அதனால் முடியும். ஏசி ஓடும் 26 டிகிரி அறையிலிருந்து மே மாதத்து 36 டிகிரி அறைக்குக் கணினியை மாற்றினால், சில்லின் வெப்பமும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். பல பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரியை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கின்றன. அந்த நொடியில்தான் விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்குகிறது. கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றிவைத்து அதே விளையாட்டின் அதே காட்சியை ஓட்டிப் பாருங்கள். வெப்பம் சட்டென்று பல டிகிரி இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது: ஈரக் காற்றில் தூசி அப்பிக்கொண்ட ஃபில்டரைத் துடைத்து, பின்பக்கம் ஒரு ஃபேன் சேர்த்தால் தீரும். மூடியைக் கழற்றியும் வெப்பம் இறங்காவிட்டால், சில்லுக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருப்பதையோ சரியாகப் பொருந்தாத கூலரையோ பார்க்க வேண்டும்.

ரேம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; 16 ஜிபி வாங்குவதானால் ஒரே குச்சியாக அன்றி, 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்கி, இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தரும் டூயல் சேனலில் பொருத்துங்கள்.

எந்த எச்சரிக்கையும் இன்றிக் கணினி அணைந்து மீண்டும் உயிர்பெற்றால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க வேண்டும். பெரிய கார்டுகள் சில மில்லிநொடிகளுக்குத் தம் சராசரித் தேவையைவிட வெகுவாக அதிக மின்சாரத்தை இழுக்கும். திறன் போதாத எஸ்எம்பிஎஸ் அதை ஆபத்தாக எண்ணித் தன்னை நிறுத்திக்கொள்ளும். யுபிஎஸ் வாங்கும்போது, அது வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான சைன் அலை தருகிறதா என்று கேளுங்கள். சில எஸ்எம்பிஎஸ்கள் சதுர அலையில் சரியாக ஓடுவதில்லை. ஃபைபர் மோடத்தையும் ரூட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் இணைப்பது முக்கியம், இல்லாவிட்டால் மின்வெட்டின்போது கணினி ஓடிக்கொண்டிருந்தாலும் நேரலை அறுந்துவிடும்.