ராக்கரின் நடு அச்சு

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் 61 நாட்களுக்கு மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பலகை வேலை, பெயின்ட் வேலையோடு என்ஜினைப் பிரித்துப் பார்ப்பதும் அப்போதுதான். படகு டீசல் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினால் வரிசையாகச் சின்ன இரும்புக் கைகள் தெரியும். அவைதான் ராக்கர் ஆர்ம். கேம் எனும் மேடுகள் உள்ள சுழல் தண்டுதான் கேம் ஷாஃப்ட். அது புஷ் ராட் என்ற கம்பியைத் தூக்க, ராட் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, நடு அச்சில் ஆடும் ராக்கரின் மறுமுனை கீழே இறங்கி வால்வைத் திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை.

கீழக்கரையைச் சேர்ந்த என் மச்சான் ஒருவர் ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். பெரிய எட்டு சிலிண்டர் கார்களின் என்ஜின்களை இன்னும் வேகமாக ஓடும்படி மாற்றிக் கட்டுகிற இடம். போன லீவில் வந்தபோது, கழற்றிய பழைய ராக்கர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சாமான். கைப்பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நடு அச்சை நகத்தால் தடவினால், அடிப்பக்கத்தில் மட்டும் வரிவரியாகப் பள்ளம் தட்டுப்பட்டது. "எல்லாரும் கையை மாத்தணும்னுதான் வர்றாங்க மச்சான். தேயுறது அச்சு" என்றார்.

ஏன் அச்சு? கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் ஒரு பக்கம் தண்ணீர்ச் சால், மறுபக்கம் ஆள். இரண்டு பாரமும் சேர்ந்து விழுவது நடுக்காலில். ராக்கரிலும் அப்படித்தான், ஆனால் தலைகீழாக: இரண்டு முனைகளும் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன, நடு அச்சு பிடித்து நிறுத்துகிறது. 1997-இல் செவர்லே கார்வெட்டில் வந்த எல்எஸ்1 என்ஜினில் ராக்கர் விகிதம் 1.7. கேம் 7 மி.மீ. தூக்கினால் வால்வு 11.9 மி.மீ. திறக்கும். அந்த லாபத்துக்கு விலை உண்டு. வால்வு ஸ்பிரிங் 150 கிலோ விசையோடு எதிர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். புஷ் ராட் 255 கிலோ கொடுத்தாக வேண்டும். அச்சில் விழுவது இரண்டும் சேர்ந்து 405 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் பதினாறை விரல் தடிமன் அச்சில் ஏற்றுவதுபோல. என்ஜின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறக்கும். அத்தனை முறையும் இந்தப் பாரம் ஏறி இறங்கும். அசைவின் வேகத்தால் வரும் விசை தனி.

சரி, பவர் வேண்டும் என்று உயரம் கூடிய கேம் போடுகிறோம். அதற்கேற்பக் கடினமான ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அச்சில் 2.7 கிலோ. இங்கேதான் அச்சைச் சுற்றியுள்ள பழைய பேரிங் திணறுகிறது.

எல்எஸ்1-உம் அதன் வழிவந்தவையும் சேர்ந்த எல்எஸ் வகை என்ஜின்களின் ராக்கரில் அச்சைச் சுற்றி இருப்பது நீடில் பேரிங். மெல்லிய எஃகு ஊசிகள், அவற்றைப் பிரித்துப் பிடிக்கும் கூண்டு இல்லாமல் நெருக்கி அடுக்கப்பட்டவை. கூண்டு இல்லாததால் அதிக ஊசிகள் கொள்ளும். கம்பெனி ஸ்பிரிங்குக்கு அது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராக்கர் முழுச்சுற்று சுற்றுவதில்லை, கொஞ்சம் கோணம் மட்டும் ஆடுகிறது. அதனால் அச்சின் அடிப்பக்கத்தில் உள்ள அதே சில ஊசிகள்தான் எப்போதும் பாரம் சுமக்கின்றன. ஆயில் படலமும் முழுதாகச் சுற்றி வராது. அச்சில் பள்ளம் விழுவது இதனால்தான். அப்புறம் பேரிங்கின் ஓடு மெல்லப் பக்கவாட்டில் நகரும். ஓடு வெளியே வந்தால் ஊசிகள் கொட்டும். ஆயில் வடியும் ஓட்டை வழியே என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போனால் பரவாயில்லை; போகிற வழியில் வேறெங்காவது சிக்கினால் அந்தப் பாகம் காலி.

மேம்படுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, கூண்டு வைத்த நீடில் பேரிங்கும் கடினப்படுத்திய புது அச்சும் போட்டு, இரு பக்கமும் சர்க்லிப் என்ற பூட்டு வளையம் பூட்டுவது. ஓடு நகர்ந்தாலும் சர்க்லிப் தடுத்துவிடும். இன்னொன்று வெண்கலப் புஷ், அதாவது அச்சைச் சுற்றி வெறும் வெண்கலக் குழல். அதில் ஊசியே இல்லை, கொட்டவும் ஒன்றுமில்லை. படகு டீசலில் நம்மவர்கள் காலம் காலமாகப் பார்ப்பது இந்தப் புஷ்தான். ஆனால் படகு என்ஜின் நிதானமாகச் சுற்றுகிறது. காரில் அதே புஷ் நிலைக்க, புஷ் ராடின் உள்துளை வழியே மேலே வரும் ஆயில் தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

முழு ராக்கரையும் தடித்த அலுமினியத்தில் மாற்றினால்தான் திருப்தி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அச்சிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால், அங்குள்ள எடையை ஆட்டத் தேவைப்படும் முயற்சி நான்கு மடங்கு. முனை கனத்தால் ஸ்பிரிங்கால் வால்வைக் கேமோடு ஒட்டி வைக்க முடியாது, வால்வு மிதக்கும். ரோட்டில் ஓடுகிற காருக்குக் கம்பெனி எஃகுக் கையை வைத்துக்கொண்டு நடுவை மட்டும் மாற்றுவதே நல்லது. ராக்கரைப் பிடிக்கும் போல்ட்டை அந்த வால்வு மூடியிருக்கும் நிலையில், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து முறுக்க வேண்டும். எல்எஸ் வகைக்கு அளவு 30 நியூட்டன் மீட்டர்.

நம் கரையில் இந்த வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் துடைத்து வைத்த எஃகு சீக்கிரமே செம்பூத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளி ஒன்று போதும், ஊசி உருளும்போது அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பூட்டும் நேரம் வரை பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அப்போதே ஆயில் தடவிவிட வேண்டும்.

பழைய பேரிங்கைக் கழற்றும்போது மச்சான் ஒவ்வொரு ராக்கரின் ஊசிகளையும் தனித்தனித் தட்டில் போட்டு எண்ணுவாராம். ஒரு தட்டில் மற்றவற்றைவிட ஒன்று குறைந்தாலும், சம்ப்பைக் கழற்றித் தேடி எடுக்கும்வரை அந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய விடமாட்டார்.