விளையாட்டு ஒதுக்கீடு: எந்தச் சர்டிபிகேட் செல்லும்?

தபால், வருமான வரி போன்ற மத்திய அரசுத் துறைகள் விளையாட்டு வீரர்களுக்குத் தனியாக ஆள் எடுக்கின்றன. ஈரோடு, நாமக்கல் பக்கம் கபடி, வாலிபால் ஆடும் பிள்ளைகள் வீட்டில் சர்டிபிகேட் கட்டுக்கட்டாக இருக்கும். சரிபார்ப்பில் முக்கால்வாசி தேறாது.

குறுவட்டம், மாவட்டம், மண்டலம் எதுவும் கணக்கில் வராது. மாநிலப் போட்டியில் வாங்கிய தங்கமும் வராது; அங்கே ஆடியது மாவட்டத்துக்காக. தமிழ்நாட்டு அணியில் தேசியப் போட்டி ஆடியிருக்க வேண்டும். பல்கலைக்கழக அணியிலோ, மாநிலப் பள்ளி அணியிலோ அகில இந்தியப் போட்டிக்குப் போயிருந்தாலும் சரி.

அந்தச் சர்டிபிகேட்டும் தனியாகச் செல்லாது. உரிய படிவம் வேண்டும். சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, கையெழுத்து தேசியச் சம்மேளனச் செயலாளர். தேசியப் போட்டிக்குப் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர். மாவட்டச் செயலாளர் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல்கலைக்கழகப் போட்டிக்கான படிவம் 3-ல் கல்லூரி பி.டி. (உடற்கல்வி இயக்குநர்) கையெழுத்து போதாது. கலை, அறிவியல் கல்லூரிகளில் கோவை, ஈரோடு, திருப்பூர் என்றால் பாரதியார், சேலம், நாமக்கல் என்றால் பெரியார் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரிடம் போக வேண்டும். பள்ளிப் போட்டிக்கான படிவம் 4 பள்ளிக்கல்வி இயக்ககத்தில்.

பள்ளியில் கேட்டால் ஸ்டேடியத்துக்குப் போகச் சொல்வார்கள். ஸ்டேடியத்தில் சங்கத்தைப் பார்க்கச் சொல்வார்கள். மாவட்ட விளையாட்டு அலுவலர் இந்த நான்கிலும் கையெழுத்துப் போடும் ஆளே அல்ல. அதை முதல் நாளே சொல்லிவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு நாலு நாள் பஸ் செலவு மிஞ்சும்.

பணம் கட்டினால் கோவாவில் 'நேஷனல்', நேபாளத்தில் 'இன்டர்நேஷனல்' என்று யாராவது வந்தால், மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த சம்மேளனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஒரு சொல் மாற்றி வைத்த சங்கங்கள் நிறைய. இல்லையென்றால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

போட்டி முடிந்து ஊர் வந்த வாரமே படிவத்தை வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், சங்கம் இரண்டாக உடைந்திருக்கும். இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். லேமினேஷன் வேண்டாம்.

பொறியியல் கலந்தாய்வின் 500 விளையாட்டு இடங்களுக்குப் படிவம் வேறு. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதே விளையாட்டுப் பிரிவைத் தேர்வு செய்துவிடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் தட்டி முடித்ததும் அந்த ஒரு கட்டத்தை நீங்களே பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.