பழைய ராணுவ லாரியில பிரேக்குக்கான ஏர் நிக்கலயா? சத்தம் வர்ற இடத்த உடனே நம்பாதீங்க

ஏர் இறங்குதுன்னா நிறைய பேர் முதல்ல பண்றது, புஸ்ஸுன்னு சத்தம் வர்ற வால்வ கழட்டி புதுசு மாட்டுறதுதான். காசும் போச்சு, லீக்கும் அப்படியே இருக்கும். ஏன்னா ஏர் பிரேக்ல காத்து வெளிய வர்ற ஓட்டை ஒரு இடத்துல இருக்கும், கிழிஞ்ச ரப்பர் இன்னொரு இடத்துல இருக்கும். அதனால எங்க போகுதுங்கறத விட எப்போ போகுதுன்னு பாருங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும்.

முதல்ல சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க. கம்ப்ரசர் ஓடி 120 பிஎஸ்ஐ பக்கம் கவர்னர் (அழுத்தம் போதும்னதும் காத்து ஏத்தறத நிறுத்தற வால்வு) கட் பண்ணதும் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் சும்மா விடுங்க. கம்ப்ரசர்ல இருந்து வர்ற காத்து சூடா இருக்கும், அது ஆறும்போது லீக்கே இல்லாட்டியும் முள்ளு கொஞ்சம் இறங்கும், அதப் பாத்து பயப்பட வேணாம். அப்புறம் பார்க்கிங் பிரேக்க ரிலீஸ் பண்ணி ஒரு நிமிஷம் பாருங்க, டிரைலர் இல்லாத வண்டிக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல இறங்கக் கூடாது. பெடல நல்லா மிதிச்சு பிடிச்சுக்கிட்டு பாத்தா 3 பிஎஸ்ஐ வரைக்கும் ஓகே, இது அமெரிக்காவுல லாரி டிரைவர் லைசன்ஸ் டெஸ்ட்டுக்கே வெச்சிருக்கற கணக்கு.

மிதிக்கும்போது மட்டும் இறங்குதுன்னா சர்வீஸ் பக்கம், அதாவது பெடல் பிரேக் பக்கம்தான் கோளாறு, சேம்பருக்குள்ள (சக்கரத்துகிட்ட பிரேக்க தள்ளற காத்து டப்பா) இருக்கற ரப்பர் டயாஃப்ரம், சேம்பருக்குப் போற ஹோஸ், பெடல் வால்வு, இதுக்குள்ள தேடுனா போதும். மிதிக்காமலே இறங்குதுன்னா டேங்க், சப்ளை லைன், ஸ்பிரிங் பிரேக் (காத்து இருந்தா விடும், காத்து போனா ஸ்பிரிங் பிடிச்சுக்கற பார்க்கிங் பிரேக்) பக்கம் போகணும்.

இப்போ எல்லாரையும் ஏமாத்துற கேஸுக்கு வருவோம். பின்னாடி ரிலே வால்வோட (பெடல மிதிச்சதும் பின் சேம்பர்களுக்கு காத்து அனுப்பற வால்வு) எக்ஸாஸ்ட் ஓட்டைல காத்து விடாம போய்க்கிட்டே இருக்கும், பெடல்ல கால் கூட இருக்காது. உடனே ரிலே வால்வு போச்சுன்னு முடிவு பண்ணிராதீங்க, பார்க்கிங் பிரேக்க போட்டு பாருங்க. சத்தம் நின்னுச்சா? அப்போ ரிலே வால்வு மேல தப்பில்ல. ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள்ள ரெண்டு அறை, நடுச் சுவர்ல ஒரு ராடு, அதச் சுத்தி ஒரு சீல். பார்க்கிங் பிரேக் ரிலீஸ்ல இருக்கும்போது பின் அறையில காத்து நிறைஞ்சிருக்கும், சீல் காஞ்சு போயிருந்தா அது முன் அறைக்கு கசிஞ்சு, சர்வீஸ் ஹோஸ்லயே திரும்பி ஏறி, ரிலே வால்வு வழியா வெளிய வரும். பார்க்கிங் பிரேக்க போட்டதும் பின் அறை காலி, கசியறதுக்கு ஒண்ணும் இல்ல. நிக்காம தொடர்ந்து வந்தா அப்போ ரிலே வால்வுதான். எந்த சேம்பர்னு தெரியணும்னா ரிலீஸ்லயே வெச்சு ஒவ்வொரு சர்வீஸ் ஹோஸா கழட்டுங்க, எந்த சேம்பர் வாய்ல காத்து வருதோ அதான் ஆளு.

ராணுவ வண்டில இன்னொரு தலைவலி, பிரேக் தவிர நிறைய விஷயம் அதே காத்துல ஓடும். வைப்பர், ஹாரன், முன் ஆக்சில் போடற ஸ்விட்ச்னு சின்னச் சின்ன லைன் டேஷ்போர்டுக்கு பின்னாடி ஓடிக்கிட்டிருக்கும், பல வருஷ பழைய ஃபிட்டிங் வேற. பம்பர் பக்கம் டிரைலர் ஹோஸ் மாட்டற இடத்துல இருக்கற அடைப்பு வால்வு பாதி திறந்திருக்கும், அதையும் பாத்துருங்க. பாத்திரம் கழுவற சோப்ப தண்ணில கலக்கி ஒவ்வொரு ஜாயின்டா பிரஷ்ல தடவுங்க, பெரிய லீக் நுரைய ஊதித் தள்ளிரும், சின்ன லீக்ல பொடிப்பொடியா முட்டை கட்டிக்கிட்டே வரும், அதுக்கு பொறுமையா நின்னு பாக்கணும்.

எம்35ஏ2 (அமெரிக்க ராணுவத்தோட பழைய லாரி) மாதிரி வண்டின்னா கதை வேற, அதுல காத்து ஹைட்ராலிக் பிரேக்குக்கு துணைக்குத்தான், ஸ்பிரிங் பிரேக்கே கிடையாது. ஏர் போனா பெடல் கல்லு மாதிரி ஆகும், ஆனா பிரேக் ஆயில் போனா மொத்தமும் போச்சு, ஒரே சர்க்யூட். அதனால அதுல ஆயில் லெவலயும் சேர்த்தே செக் பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், ஸ்பிரிங் சேம்பரோட பின் மூடிய வீட்ல பிரிக்காதீங்க. உள்ள இருக்கற ஸ்பிரிங் ஆயிரம் பவுண்டுக்கு மேல அழுத்தத்துல அடைஞ்சு கிடக்கு, கிளாம்ப் விட்டா ஆளையே கொன்னுரும். சேம்பர கழட்டறதுக்கு முன்னாடி கேஜிங் போல்ட்ட போட்டு ஸ்பிரிங்க லாக் பண்ணிட்டு, முழு சேம்பரா மாத்துங்க.