மாட்டை ஓட்டிட்டு வந்தவன், மீட்டவன், கொடுத்தவன்: இதுல யாரு வீரன்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கம் போனா வயக்காட்டு ஓரத்துல வில்லும் கத்தியுமா ஒரு ஆளைச் செதுக்குன கல்லு அங்கங்க நிக்கும், அதான் நடுகல். சண்டையில செத்தவங்களுக்கு வச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா என்ன சண்டை, எதுக்காகச் செத்தான்னு அதுல எழுதியிருக்கறத காலவரிசைப்படி படிச்சாதான் விஷயமே இருக்கு.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல கிடைச்ச நடுகல்லுங்க தமிழி எழுத்துல, அதாவது தமிழோட ரொம்பப் பழைய எழுத்து வடிவத்துல இருக்கு, 2000 வருஷத்துக்கும் மேல பழசு. அதுல ஒண்ணு கூடலூர் ஆகோள்ல, அதாவது மாடு கவர்ற சண்டையில, செத்துப்போன தீயன் அந்தவனுக்கு வச்சது. அடுத்த ஊரு மந்தைய ஓட்டிட்டு வர்றது இன்னிக்கு திருட்டு கேஸு, அன்னிக்கு அது வீரம், ஏன்னா மழை கம்மியான மேய்ச்சக்காட்டுல சொத்துன்னா மந்தைதான், அதைக் கொண்டு வர்றவன்தான் ஊருக்கே சோறு போடுறவன். அதே கணக்குல, போன மந்தைய மீட்கப் போய் செத்தவனுக்கும் கல்லு உண்டு. பல்லவர் காலத்து செங்கம் பகுதி கல்லுங்கள்ல தொறு கொண்டு பட்டவன், தொறு மீட்டுப் பட்டவன்னு ரெண்டு வகையும் பாக்கலாம் (தொறுன்னா மந்தை, பட்டவன்னா செத்தவன்).

எனக்கு ரொம்பப் பிடிச்சது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் கல்லு. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. எருமைங்களுக்காக நின்னு செத்த கருந்தேவக்கத்திக்கு வச்சது, கூடவே அவனோட நாயையும் செதுக்கி, கோவிவன்ங்கற இந்த நாய் கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்னுச்சுன்னு பேரோட எழுதி வச்சிருக்காங்க. ஒரு நாய்க்கு இவ்ளோ மரியாதை! கவனிங்க, எதிர்ல வந்தவன் இங்க வீரன் இல்ல, கள்ளன்.

அப்புறம் நெல்லு விவசாயமும் கோயிலும் பெருசாகுது. சோழர் கல்வெட்டுகள்ல அதே கால்நடைதான், ஆனா கதையே வேற. கோயில்ல ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிய 96 ஆடு, சில ஊர்ல 90, தானமா குடுப்பாங்க, அதை வாங்கிக்கற இடையர் தினம் ஒரு உழக்கு (பழைய அளவு) நெய் அளக்கணும். செத்த ஆடு, கிழடான ஆட்டுக்கு பதிலா குட்டிங்க வளர்ந்து சேர்றதால எண்ணிக்கை குறையாது, அதனாலதான் அதுக்கு 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேரு. இந்தக் கோயில் கல்லுல பேரு வர்றது மந்தைக்காக உயிரை விட்டவனுக்கு இல்ல, மந்தையைக் குடுத்தவனுக்கு. கல்லு வெட்டுற செலவும் வசதியும் யார் கைக்குப் போச்சோ அவங்க மதிச்ச குணம்தான் பெருமையாச்சுன்னு நான் நினைக்கிறேன். காட்டோரத்துல மட்டும் பழைய மாதிரியே, புலியைக் குத்திச் செத்தவனுக்கெல்லாம் பிற்காலத்துலயும் கல்லு நட்டிருக்காங்க, அங்க பயம் மாறலயே.

இன்னிக்கு பல நடுகல்லு வேடியப்பன் சாமி. இந்தக் கல்லுங்கள்ல இருக்கற வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்தைப் படிக்க ஆள் இல்லாம போனதால எதுக்குச் செத்தான்ங்கறது மறந்துபோச்சு, கும்பிடுறது மட்டும் தொடருது. தாராளமா கும்பிடுங்க, ஆனா எழுத்து இருக்கற கல்லு மேல பெயிண்ட் மட்டும் அடிக்காதீங்க, தொல்லியல் துறைக்கு ஒரு தகவல் சொல்லிடுங்க.