சென்டம் வாங்கினால் கணிதம் எடுக்கலாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட்டும் கல்லூரி அட்மிஷனும் எங்கள் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்து அப்பாக்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாங்களே வந்துவிடுவார்கள். நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. கணித ஆசிரியனான என்னிடம் அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "புள்ள கணக்குல நூத்துக்கு நூறு சார். அதான் மேத்ஸ் மேஜரே போட்ருவோம்னு..."

நூறு வாங்கியது நல்ல விஷயம். ஆனால் புத்தகத்துக் கணக்கைப் பிழையில்லாமல் போட வரும் என்பதைத்தான் அந்த மார்க் சொல்கிறது. பி.எஸ்சி.யில் மெய்ப்பகுப்பாய்வும் (ரியல் அனாலிசிஸ்) அருவ இயற்கணிதமும் (அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா) தொடங்கியதும் கேள்வியின் குணமே மாறிவிடும். விடை என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். எப்போதும் அப்படித்தான் என்பதற்கு என்ன ஆதாரம், நிரூபி என்பார்கள். பள்ளியில் நூறு வாங்கியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அதனால் வருகிறவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுப்பேன். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டு. 0 என்றால் 41, 1 என்றால் 43, 2 என்றால் 47, 3 என்றால் 53. எல்லாமே பகா எண்கள். எப்போதும் இப்படியே வருமா? பத்துப் பதினைந்து எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு "வரும் சார்" என்பவர்கள்தான் அதிகம். 39 வரை போட்டாலும் வரத்தான் செய்யும். 40-இல் கிடைப்பது 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கினால் வரும் எண். கணித மேதை ஆய்லர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய கணக்கு இது.

கண்டுபிடித்தார்களா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 40-ஐக் காட்டிய பிறகு என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். ஒரு பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்ப 41 போட்டாலும் உடையும் சார், மூணு இடத்துலயும் 41 இருக்கே" என்றாள். போட்டுப் பார்க்காமலே சொன்னாள். மார்க் நூறுக்குப் பக்கத்தில்கூட இல்லை. தயங்காமல் மேஜராக எடுக்கச் சொன்னேன். "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்பவர்களை இயற்பியலோ கணினி அறிவியலோ எடுத்துக் கணிதத்தை அலைடாக, அதாவது துணைப்பாடமாகப் படிக்கச் சொல்வேன். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அந்த அலைடு பேப்பரை மட்டும் அரியர் வைக்காமல் முடித்துவிட வேண்டும். கடைசி வருடத்தில் மேஜர் பாடங்களோடு அதையும் சேர்த்து எழுதுவது பெரிய பாடு.

கணிதம் மேஜர் எடுப்பவர்களும் அலைடை இலவச இணைப்பாக நினைக்கக் கூடாது. கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும். அலைடாகப் புள்ளியியல் கிடைக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வேண்டும். எம்.எஸ்சி. புள்ளியியலுக்கும் பல இடங்களில் இதைக் கேட்பார்கள்.

புள்ளியியலால் என்ன வேலை என்று கேட்கும் அப்பாக்களுக்கு மண்டபத்தையே காட்டுவேன். அங்கே மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் கடல் மீன்பாட்டை ஆண்டுதோறும் மதிப்பிடுகிறது. அதற்காக எல்லாப் படகுகளையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மீன் இறங்குதளங்களையும் நாட்களையும் அடுக்கடுக்காகப் பிரித்து, சமவாய்ப்பு முறையில், குலுக்கல் போல, சிலவற்றை மட்டும் எடுப்பார்கள். அந்த நாளில் அந்தத் தளத்துக்கு வரும் படகுகளிலும் சிலவற்றின் மீனைத்தான் கணக்கெடுப்பார்கள். அதிலிருந்து மொத்தம் எவ்வளவு, அது எவ்வளவு பிசகலாம் என்பதைச் சொல்வது முழுக்கக் கணிதம். கரையில் நோட்டும் பேனாவுமாக நிற்பவர்களைப் பார்த்திருப்பதால் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். "மேல என்ன சார் படிக்கணும்?" என்று அடுத்த கேள்வி வரும்.

'டீச்சர் வேலை உறுதி' என்ற பேச்சை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பி.எஸ்சி. மூன்று வருடம், பி.எட். இரண்டு வருடம், அப்புறம் தகுதித் தேர்வு. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு எடுக்க வேண்டுமென்றால் எம்.எஸ்சி.யும் வேண்டும், போட்டித் தேர்வும் உண்டு. ஏழு வருடம் என்று தெரிந்தே இறங்கினால் சரி.

கணிதத்தில் உண்மையிலேயே ஊறிப்போன பிள்ளை என்றால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தையும் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தையும் ப்ளஸ் டூ படிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு. ரிசல்ட் வந்த பிறகு போய் நின்றால் விண்ணப்பம் எப்போதோ முடிந்திருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பெயர்களையே கல்லூரிக்கு வந்துதான் கேள்விப்படுகிறார்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வும் அப்படித்தான். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்னால். மூன்றாம் வருடம் தொடங்கியதுமே கண் வைத்திருக்க வேண்டும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1000 உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். சேர வரும்போதே ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்து வாருங்கள்.