ரைன் நதியின் நீலப் பலகை

இரவில் எதிரே வரும் கப்பல் எந்தத் திசையில் செல்கிறது என்பதை அதன் விளக்குகளே காட்டிவிடும். வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு. ஒவ்வொன்றும் நேர்முன்னிலிருந்து தன் பக்கத்தில் 112.5 பாகை வரை மட்டுமே தெரியும். எஞ்சிய 135 பாகைக்குப் பின்புற வெள்ளை விளக்கு. பச்சையும் சிவப்பும் ஒருசேரத் தெரிந்தால் கப்பல் நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். கடலில் பெரும்பாலும் போதுமான இந்த ஏற்பாடு ஐரோப்பாவின் ரைன் போன்ற ஆற்றில் போதாது.

காரணம் நீரோட்டம். ஆற்று வளைவின் வெளிப்புறத்தில் நீர் விரைந்தும் உட்புறத்தில் மெதுவாகவும் ஓடுவதால், எதிரோட்டத்தில் ஏறும் சரக்குக் கப்பல் எரிபொருளை மிச்சப்படுத்த உட்புறத்தை நாடுகிறது. ஓட்டத்தோடு இறங்கும் கப்பலுக்கோ விரைவான நீரே வசதி. வளைவுகள் வலமும் இடமுமாக மாறி மாறி வர, ஏறும் கப்பலும் கரை மாறிக்கொண்டே போகிறது. எனவே எந்தப் பக்கமாக விலகுவது என்று தீர்மானிக்கும் உரிமை அதற்கே தரப்பட்டுள்ளது. இறங்கும் கப்பலுக்குத் தகுந்த வழி விட வேண்டிய கடமையும் அதனுடையதே. ஓட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது கப்பலை நிறுத்துவது எத்தனை கடினம் என்று எண்ணிப் பார்த்தால், இந்தக் கடமையின் நியாயம் விளங்கும்.

இடப்பக்கங்கள் எதிரெதிராக அமையும்படி கடப்பதானால் சமிக்ஞை ஏதும் தேவையில்லை. வலப்பக்கங்கள் எதிரெதிராக அமைய வேண்டுமானால், ஏறும் கப்பல் தன் வலப்புறத்தில் வெளிர்நீலப் பலகையை விரித்து, அதனுடன் இணைந்த வெள்ளை விளக்கைச் சிமிட்டவிடும். இறங்கும் கப்பல் அதே பலகையைக் காட்டினால் ஒப்புதல் கிடைத்துவிட்டது. தன் நோக்கம் புரியவில்லையோ என்று ஏறும் கப்பல் ஐயுற்றால், இருமுறை குறுகிய ஒலி எழுப்பும். 2014 டிசம்பர் முதல் ரைனில் கட்டாயமாகியுள்ள, கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவி (AIS), பலகையின் நிலையையும் வானொலி அலைவழி அறிவிக்க வல்லது. ஆயினும் பலகை மறையவில்லை, கண்ணால் காண்பதற்கு இருக்கும் உறுதி தனிதான்.

இதே நீலம் வேறொரு செய்தியையும் சுமக்கிறது. முனை கீழ்நோக்கிய நீலக் கூம்பு ஒன்று தீப்பற்றும் சரக்கையும், இரண்டு நச்சுச் சரக்கையும், மூன்று வெடிபொருளையும் குறிக்கும். இரவில் அத்தனை நீல விளக்குகள். அவற்றுக்கு அருகே நிறுத்தப்படும் பிற கப்பல்கள் முறையே 10, 50, 100 மீட்டர் விலகியிருக்க வேண்டும்.

ஜெர்மனியில் ரைன் கரையிலுள்ள லோரலை பாறையை ஒட்டிய குறுகிய வளைவுகளில் மலையே பார்வையை மறைத்துவிடுவதால், பலகையைக் காட்டியும் பயனில்லை. அங்கே கரையோர நிலையங்களில் ஒளிரும் வெள்ளைக் கோடுகள், மேலிருந்து இறங்கிவரும் கப்பல் உண்டா இல்லையா என்பதை ஏறும் கப்பலுக்கு முன்கூட்டியே தெரிவிக்கின்றன.