மறைந்து நிற்கும் 'போல'

1776 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் தாமஸ் பெய்ன் வெளியிட்ட 'காமன் சென்ஸ்', அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை விட்டுப் பிரிய வேண்டும் என்று வாதிட்ட சிறு நூல். அதில் ஓர் இடம்: இப்போது நம் ஒற்றுமையில் விழும் சின்ன விரிசல்கூட, இளம் ஓக் மரத்தின் மெல்லிய பட்டையில் ஊசிமுனையால் கீறிய பெயரைப் போன்றது; மரத்தோடு சேர்ந்து காயமும் பெரிதாகும், பின்னால் வருகிறவர்கள் அதை முழு எழுத்தில் படிப்பார்கள்.

'போன்றது' என்ற உருபு இருப்பதால் உவமை என்று உடனே தெரிந்துவிடுகிறது. எதை வைத்து ஒப்பிடுகிறார்? உவமை பிறக்கும் இடம் வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என நான்கு என்கிறது தொல்காப்பியம். விரிசலுக்கும் கீறலுக்கும் வடிவத்தில் கொஞ்சம் ஒற்றுமை உண்டு. ஆனால் வாதத்தைச் சுமப்பது வினை, அதாவது வளர்தல். உளவியலாளர் டெட்ரே ஜென்ட்னர் 1983இல் முன்வைத்த கோட்பாடும் இதை ஒட்டியதே. ஒப்பிடும்போது மனம் தோற்றத்தைவிட உறவுகளையே, எதனால் எது நடக்கிறது என்பதையே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோகிறது என்றார் அவர். 'தாமதித்தால் சரிசெய்ய முடியாது' என்று அந்த வரியில் பெய்ன் எழுதவில்லை. மரத்தைக் கண்முன் கண்ட வாசகரே அதைச் சொல்லிக்கொள்கிறார்.

இந்த மரத்தை நாமும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அடிமரம் பருக்கப் பருக்க எழுத்துகள் அகலமாகும். உயரம் கூடாது, மரம் நீள்வது நுனிகளில்தான். காயத்தின் ஓரங்களில் புதுத் திசு வளர்த்து அதை மூடவும் மரம் பார்க்கும். 'காலம் எல்லாவற்றையும் ஆற்றும்' என்று எதிர்வாதம் செய்ய நினைத்தவருக்கும் இதே ஓக் கைகொடுத்திருக்கும்!

உருபு மறைந்துவிட்டால்தான் சிக்கல். ஒரு தீவு ஒரு கண்டத்தை என்றென்றும் ஆள்வது அபத்தம் என்கிறார் பெய்ன். அடுத்த வரியிலேயே, இயற்கை எங்கும் துணைக்கோளை அதன் கோளைவிடப் பெரிதாகப் படைத்ததில்லை என்கிறார். நடுவில் 'போல' இல்லை. பள்ளியில் படித்த எடுத்துக்காட்டு உவமைதான் இது. ஆனால் வாசிக்கும்போது வானியல் சான்றாகவே மனதில் பதிகிறது. இப்படிப்பட்ட இடத்தில் 'அதுபோல' என்ற சொல்லை நாமே நடுவில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். பெய்ன் கேட்ட விடுதலை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த உவமை அதற்குத் துணை நிற்காது. பருமனை வைத்து ஆளும் உரிமையைத் தீர்மானிப்பதென்றால், பெரிய நாடு பக்கத்துச் சின்ன நாட்டைத் தாராளமாக ஆளலாம் என்றாகிவிடும்.